நிழல்களிலிருந்து உருவம்: ஜி.என். இராமச்சந்திரன்

மார்கழி விடியலில் நைனார்பாளையத்து வயல்களைப் பனிமூட்டம் மூடும்போது, அருகில் நிற்கும் பனைமரமும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒளி அங்கே இல்லாமற் போய்விடவில்லை. நுண்ணிய நீர்த்துளிகளிற் பட்டுத் திசைமாறிச் சிதறுகிறது. நுண்துகள்களுக்கிடையே ஒளி படும் பாட்டை இளமையில் ஆராய்ந்து, பின்னாளில் உடலை அறுக்காமலே அதன் உட்புறத்தைக் காணக் கணக்கு வகுத்தவர் ஜி.என். இராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்த அவருக்குத் தந்தையே முதற் கணித ஆசான். அவர் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி.வி. இராமன் அவருடைய திறங்கண்டு இயற்பியல் துறைக்கு மாற்றிக்கொண்டார். நுண்துகள்கள் விளைவிக்கும் ஒளிவட்டங்களில் ஒளிச்செறிவு ஒரே சீராக இராமல் ஏறியிறங்குவதை ஆராய்ந்து 1943-இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்றுக்கு மேல் இல்லை.

கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்துத் திரும்பியவர், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற கொல்லாஜன் புரதத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, அதன் முப்புரி வடிவத்தை கோபிநாத் கர்த்தாவுடன் 1954-இல் அறிவித்தார். புரதவியலார் நாள்தோறும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வந்தது. இவற்றுக்கே அவர் புகழ் பெரிது. எனினும் மருத்துவமனை வாயிலில் நிற்கும் எளிய மனிதருக்கு மிக அருகில் வந்த பணி வேறொன்று.

பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தினால் ஒவ்வொரு கோணத்திலும் ஒரு நிழல் கிடைக்கும். அந்நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பி ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தால் உள்ளுருவம் தெரியும். ஆனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மங்கல் படிந்திருக்கும். அதனை நீக்க ஃபூரியர் உருமாற்றத்தின் வழியே நெடிய கணக்கிட வேண்டியிருந்தது. இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் குறுக்குவழி ஒன்றைக் காட்டினர். நிழலைப் பரப்புவதற்கு முன்பே ஓர் எண்வரிசையுடன் அதனைப் பெருக்கிக் கூட்டிக்கொள்வதே அவ்வழி. வரிசையின் நடுவெண் நேர்க்குறி உடையது. அதிலிருந்து ஒற்றைப்படைத் தொலைவிலுள்ள எண்கள் எதிர்க்குறி உடையவை, விலக விலகச் சிறுப்பவை. இரட்டைப்படைத் தொலைவில் எல்லாம் சுழியே. அந்த எதிர்க்குறிகள் மங்கலைக் கழித்துவிடுகின்றன. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967-இலேயே இத்தகைய வழியைக் கண்டிருந்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அவ்வெண்வரிசை இன்று இருவர் பெயரின் முன்னெழுத்துகளால் 'ராம்-லக் வடிகட்டி' என்றே வழங்குகிறது.

அதே 1971-இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அவருக்கும் கோர்மாக்குக்கும் 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோர்மாக்கின் கணிதம் 1963-இலேயே வெளிவந்துவிட்டதால், தகுதியற்றோருக்குப் பரிசு சென்றது எனல் பொருந்தாது. எனினும் பின்வந்த கருவிகள் விரைவாகப் படம் வரையத் துணைநின்றது இக்கணக்கு முறையே.

எக்ஸ் கதிர் உடலினூடே பெரும்பாலும் நேரே செல்வதால்தான் இக்கணக்குப் பலிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ, பனிமூட்டத்திற்போலத் தசையினுள் கணந்தோறும் திசைமாறும். அங்கே தெளிந்த நிழல் என ஒன்று விழுவதில்லை. ஆகவே ஒளிவழி உட்படமெடுப்போர், உடலைச் சுற்றிலும் கசியும் மங்கிய ஒளியை அளந்து, அது உள்ளே பரவிய விதத்தைக் கணித்து, மறைந்துள்ள கட்டியின் இடத்தைத் தேடுகின்றனர். அகச்சிவப்பை அடுத்த ஒளி தசையினுள் சில சென்டிமீட்டர் ஆழம் செல்லும் என்பதால் மார்பகத்தையும் பச்சிளங்குழந்தையின் மூளையையும் அவ்வாறு ஆராய முடிகிறது. கதிர்வீச்சுக் கேடு இதில் இல்லை.

இறுதி ஆண்டுகளில் இராமச்சந்திரன் பார்க்கின்சன் நோயால் வருந்தினார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். அந்நகரின் மருத்துவமனைகளில் அப்போது சி.டி. ஸ்கேன் அன்றாடச் சோதனையாகிவிட்டிருந்தது.