உருளைக்கிழங்கு வயலுக்குக் காவல் போட்டவர்: யார் இந்த பர்மோந்தியே?

இன்னைக்கு ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்னு பேரே வெச்சாச்சு. ஆனா ஒரு காலத்தில் உருளைக்கிழங்கைத் தொடவே பயந்த நாடு பிரான்ஸ். தின்றால் தொழுநோய் வரும் என்று நம்பி, 1748-ல் சாகுபடிக்கே தடை போட்டார்கள். பன்றிக்குப் போடுவார்கள், அவ்வளவுதான்.

1737-ல் பிறந்த அந்துவான் பர்மோந்தியே, ராணுவ மருந்தாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவிடம் கைதியாகச் சிக்கினார். சிறையில் கிடைத்தது உருளைக்கிழங்குதான். அவருக்கு ஒண்ணும் ஆகல!

ஊர் திரும்பியவர் கிழங்கை ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார். விளைச்சல் பொய்த்து ரொட்டிக்கே தட்டுப்பாடு வந்த நேரம் அது. பஞ்ச கால மாற்று உணவு பற்றிய பெசான்சோன் அகாதமி போட்டியில் அவர் கட்டுரைக்குப் பரிசு. 1772-ல் பாரிஸ் மருத்துவர்களும் கிழங்கு சாப்பிடத் தகுந்ததே என்று அறிவித்தார்கள்.

ஆனால் ரொட்டி செய்வதில்தான் சிக்கல். மாவைச் சேர்த்துப் பிடிக்கும் குளூட்டன் கிழங்கில் கிடையாது. அதனால் அதிலிருந்து ஸ்டார்ச்சைத் தனியே பிரித்து, வேகவைத்த மசியலோடு பிசைந்து பார்த்தார். கோதுமையே சேராத ரொட்டி வந்தது. 1779-ல் செய்முறையையும் அச்சிட்டார். வேலை ஜாஸ்தி என்பதால் ஏழைகளுக்கு அது பெரிதாக உதவியிருக்க வாய்ப்பில்லை.

பாரிஸ் அருகே சப்லோனில் மன்னர் 16-ம் லூயி கொடுத்த நிலத்தில் கிழங்கு பயிரிட்டார். பகலில் காவல், ராத்திரியில் காவல் இல்லை. மக்கள் திருடிப்போய் நட்டார்கள் என்பது செம ஃபேமஸான கதை. பாதி கற்பனையாகவும் இருக்கலாம்.

நெப்போலியன் காலத்தில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வர, திராட்சைச் சாற்றில் பாகு காய்ச்சினார். 1813-ல் இறந்தார். பாரிஸில் உள்ள அவர் கல்லறையில் இன்றும் பூவோடு உருளைக்கிழங்கும் வைக்கிறார்கள்.