கிருஷ்ண பிள்ளையவர்கள்

முற்காலத்தில் தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்போர், சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைக் கண்டவிடத்துச் சுமையை இறக்கிச் சற்றே இளைப்பாறுவர். பின்னர் அச்சுமையையே மீட்டும் தலைமேலேற்றி நடப்பர். சந்தையாற் பெயர்பெற்ற போச்சம்பள்ளிப் பக்கத்தவராகிய நமக்கு, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்களின் சரிதத்தை வாசிக்குந்தோறும் அக்கல் நினைவுக்கு வருகின்றது. அவர் நாடியது இளைப்பாறும் இடமன்று. சுமை வீழ்ந்தொழியும் இடமே.

திருநெல்வேலியைச் சார்ந்த கரையிருப்பில், 1827-ஆம் ஆண்டு ஏப்பிரல் 23-ஆம் நாள், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் வல்லவர். மைந்தரும் இளமையிலேயே அதில் தோய்ந்தனர். 1853-இல் சாயர்புரம் மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தபொழுதும் அவர் வைணவரே.

அருள் என்னுஞ் சொல் அவர்க்குப் புதிதன்று. சரணாகதி பேசும் மரபில் வளர்ந்தவரன்றோ? ஆதலால், அவர் உள்ளத்தை அலைத்த வினா வேறு என்று நாம் கருதுகின்றோம். நீதியுள்ள கடவுள் தமது நீதிக்குக் குறைவின்றிப் பாவியை நீதிமானாக ஏற்பது எங்ஙனம்? பாவத்தின் ஆக்கினையைக் கிறிஸ்து தாமே சுமந்தார். அவரை விசுவாசிப்போர்க்கு அவருடைய நீதி எண்ணப்படுகின்றது. இதுவே அவர் கண்ட விடை. தமையர் தம்பியர் உறவிலே முத்தையா பிள்ளையும், நண்பர் தனக்கோடி ராஜுவும் அவர்க்கு முன்னரே இவ்வழிச் சென்றிருந்தனர்.

எனினும், விடையைத் தெரிதல் எளிது. அவ்விடைக்காகச் சுற்றத்தைப் பிரியத் துணிதல் எளிதன்று. அக்காலத்தில் அக்குடியிற் பிறந்தார்க்கு ஞானஸ்நானம் அத்தகையது. 31 வயது நிறைவதற்கு ஐந்து நாளிருக்க, 1858 ஏப்பிரல் 18-ஆம் நாள், மயிலாப்பூரில் அதனைப் பெற்றார்.

பின்னர்ப் பல்லாண்டு உழைத்து இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. ஐந்து பருவங்களும் 3700-க்கு மேற்பட்ட பாக்களும் உடைய இக்காவியம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவியது. மொழிபெயர்ப்பென்று இதனைத் தள்ளுவோர் ஒன்றை நோக்குவதில்லை. பனியன் நூலில், யாத்திரிகனது முதுகுச் சுமை சிலுவையடியிற் கழன்று வீழ்வது சில வரிகளில் முடிகின்றது. பிள்ளையவர்களோ அவ்வளவில் அமையாராய், குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று நெடியதொரு படலம் வகுத்து, ஆண்டவரின் பாடுகளைக் கண்முன் நிகழ்வனபோற் பாடினார். கோட்பாட்டை மட்டும் கற்றவர்க்கு அத்தனை விரிவு வேண்டுவதில்லை. அன்பரொருவரின் துயரை அருகிருந்து கண்டவரே அங்ஙனம் விடாது நின்று பாடுவர்.

கடுந்தமிழென்று அஞ்சி நூலைத் திறவாத மாணவர் அப்படலத்திலிருந்து தொடங்கலாம். நாமும் அவ்வாறே தொடங்கினோம்.

இரட்சணிய மனோகரம் 1899-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பெப்ருவரி 3-ஆம் நாள் பிள்ளையவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.