தமிழில் வைத்தியம் படிப்பித்த டாக்டர் கிறீன்

யாழ்ப்பாணத்தில் டாக்டர் கிறீன் என்றால் தெரியாதவர்கள் குறைவு. மானிப்பாயில் அவர் பெயரிலேயே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் நமது கல்முனைக் கரையோரத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பலரும் யோசிப்பார்கள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு, நமது பிள்ளைகளும் பெற்றோரும் அவரை அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நீண்ட நாளாக உண்டு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் டாக்டரானார். நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாகப் பாடுபட்ட அன்ட்ரூ கிறீன் இவருடைய சகோதரர். வசதியும் செல்வாக்கும் இருந்தும் சொந்த ஊரில் தங்காமல், அமெரிக்க மிஷனோடு சேர்ந்து 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதுதான் அவரை அனுப்பியவர்களின் நோக்கம். அதை அவரும் மறைக்கவில்லை, நாமும் மறைக்கத் தேவையில்லை. நாம் இங்கே பேசுவது அவர் விட்டுச்சென்ற அறிவைப் பற்றி.

அந்தக் காலத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நோயாளியை மயக்கி சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது பொஸ்டனில் உலகறியச் செய்து காட்டப்பட்டது 1846இல்தான். கொலரா யாழ்ப்பாணத்தை அடிக்கடி தாக்கியது. அது குடிதண்ணீரால் பரவுகிறது என்பதை லண்டனில் ஜோன் ஸ்னோ ஒரு தெருப் பம்பை வைத்து எடுத்துக்காட்டியது 1854இல். கொலராக் கிருமியை ரொபர்ட் கொக் இனங்கண்டு அறிவித்தபோது கிறீன் தன் கடைசி நாட்களில் இருந்தார். அதாவது, இன்று நமது தரம் 10 மாணவனுக்குத் தெரிந்த சில விடயங்கள் அன்று அந்த டாக்டருக்கே தெரியாது.

ஒரு டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பது? உள்ளூர்ப் பிள்ளைகளை டாக்டர்களாக்குவதே வழி என்று கண்டு 1848இல் வட்டுக்கோட்டையில் வகுப்பைத் தொடங்கினார். பின்னர் மானிப்பாய்க்கு மாறினார். முதலில் படிப்பித்தது ஆங்கிலத்தில். படித்தவர்கள் திறமைசாலிகளாக வந்தார்கள், ஆனால் பலர் அரசாங்க வேலை கிடைத்ததும் வெளியிடங்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி முன்பிருந்த நிலையிலேயே இருந்தான். இது நமக்கும் பழக்கமான கதைதான்.

இடையில் அமெரிக்கா போய், திருமணம் முடித்து 1862இல் மனைவியோடு திரும்பி வந்த கிறீன், 1864 முதல் மருத்துவத்தை முழுக்கத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருப்பான், தன் சனங்களின் மொழியில் நோயை விளக்குவான் என்பது அவருடைய கணக்கு. தமிழில் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்காது என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிய பிறகு அந்தத் தயக்கத்தை யாரும் குறை சொல்லவும் முடியாது.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு அவரே மொழிபெயர்த்தார். குழந்தைப்பேறு பற்றி 'பிரசவ வைத்தியம்', சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', உடலமைப்புக்கு 'மனுஷ அங்காதிபாதம்', இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனக்கு முக்கியமாகத் தெரிவது 'வைத்தியாகரம்'. ஹூப்பர் என்பவரின் ஆங்கில நூலைத் தழுவிய அந்தப் புத்தகம் நோய்களை ஒவ்வொன்றாக எடுத்து, அறிகுறி என்ன, காரணம் என்ன, ஒத்த நோயிலிருந்து எப்படிப் பிரித்தறிவது, என்ன சிகிச்சை என்று சொல்லிக்கொண்டு போகும் வகையைச் சேர்ந்தது.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு எளிமையானது. முதலில் தமிழில் தேடுவது, இல்லாவிட்டால் வடமொழியில் எடுப்பது, அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் உச்சரிப்பில் எழுதுவது. 'கெமிஸ்தம்' அப்படி வந்தது. இன்று வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், யாரோ ஒருவர் முதலில் துணிந்திருக்கா விட்டால் 'இரசாயனவியல்' என்று நாம் எழுதும் நாள் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

இதை வாசிக்கும்போது எனக்கு பக்தாத் ஞாபகம் வருகிறது. அப்பாசிய ஆட்சியில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர் கிரேக்க மருத்துவ நூல்களை சிரியாக் மொழிக்கும் அரபுக்கும் கொண்டுவந்தார், இல்லாத சொற்களை உருவாக்கினார். அந்த அடித்தளத்தில்தான் அர்-ராஸி போன்றவர்கள் எழுந்தார்கள். பெரியம்மையையும் சின்னமுத்தையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்துக்காட்டும் தனி நூலை அர்-ராஸி எழுதியது அரபு மொழியில். ஹுனைன் மரணித்தது 873இல் என்பார்கள். கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டது 1873இல். சரியாக ஆயிரம் வருடம்.

அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. உடல்நலம் குன்றிய நிலையிலும் வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' என்ற உடற்றொழிலியல் நூல் வந்தது அதற்குப் பிறகுதான். 1884 மே மாதம் அங்கேயே மரணித்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று கல்லறையில் பொறிக்கும்படி அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி நம்மூருக்கு வருவோம். கிளினிக் நாள் முடிந்தால் அயல்வீட்டு உம்மாமார் சிலர் கொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். எழுதியிருப்பது எல்லாம் ஆங்கிலம், அதிலும் சுருக்கெழுத்து. பத்து வருடமாக சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு, காலில் புண் ஏன் ஆறவில்லை என்று தெரியாது. நீண்ட நாள் சீனி கூடியிருந்தால் நரம்பு மரத்துப் போகும், இரத்த ஓட்டம் குறையும், குத்தியது தெரியாமலே புண் பெரிதாகும் என்பதை இரண்டு நிமிடத்தில் தமிழில் சொல்லலாம். வயலுக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தண்ணீரில் வருகிறது, முன்கூட்டியே குளிசை எடுக்கலாம் என்பதையும் அப்படியே சொல்லலாம். டெங்கு காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான்.

கிறீனுக்குத் தமிழ் தாய்மொழி அல்ல, வந்துதான் படித்தார். நமது டாக்டர்கள் உயர்தரம் வரை தமிழிலேயே படித்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போனவர்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறையிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போயிருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, ஆளுக்கு ஒரு நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரட்டும். ஒரு வைத்திய நிபுணர் பார்த்துத் திருத்தினால் போதும். தமிழ்ப் பிழை திருத்த நானும் எங்கள் பாடசாலை ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம்.