ஆர்புவாவின் திராட்சையும் லூயி பாஸ்டரும்

லூயி பாஸ்டர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட தடுப்பூசி. மற்றொன்று, அவர் பெயராலேயே வழங்கும் பால் பதப்படுத்தும் முறை. பள்ளியில் நானும் அவ்வளவே படித்தேன். ஆனால் அம்முறையை அவர் வகுத்தது பாலுக்காக அன்று, திராட்சை மதுவுக்காக. நொதித்தல் பற்றி வகுப்பில் பேசுவதற்காக இவ்வாண்டு குறிப்பெடுத்தபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. அக்குறிப்புகள் என்னை ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் திராட்சைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றன.

மதுவைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மதுவின் புகழ் பாட நான் வரவில்லை. அதைச் சுவைத்தவனும் அல்லன். எங்கள் ஊர் தங்கச்சிமடம். என் அப்பா பனையேறுபவர். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், மேலும் விட்டுவிட்டால் காடி. இந்த மூன்று நிலைகளையும் நான் சிறுவயது முதலே அறிவேன். ஏன் அப்படி ஆகிறது என்பதை மட்டும் அறியேன். அந்த ஏன் என்ற கேள்விக்கு விடை கண்டவர் பாஸ்டர். ஆகவே அவர் வரலாறு எனக்கு அயலான வரலாறாகத் தோன்றவில்லை.

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், பிரான்சின் கிழக்கே ஜூரா மாவட்டத்தில் தோல் என்னும் ஊரில் பிறந்தார். ஊரின் பெயரும் தோல். தந்தையின் தொழிலும் தோல் பதனிடுதல். தந்தை ழான் ழோசப் நெப்போலியனின் படையில் பணிபுரிந்து திரும்பியவர். லூயி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஆற்றோரம் வீடு, அதை ஒட்டியே தோல் தொட்டிகள். சுற்றிலும் குன்றுகள், குன்றுகளின் சரிவெல்லாம் திராட்சை.

இங்கே ஆர்புவாவின் திராட்சையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பூல்சார், த்ரூசோ, சவாஞன் ஆகிய மூன்றும் அந்த வட்டாரத்துக்கே உரிய வகைகள். பூல்சார் மெல்லிய தோல் கொண்ட கருந்திராட்சை. அதன் மது வெளிறிய செந்நிறமாகவே இருக்கும். த்ரூசோ அடர்ந்த நிறம் தருவது. வெயில் நன்றாக விழும் மண்ணை நாடுவது. சவாஞன் வெண்திராட்சை. இதிலிருந்து மஞ்சள் மது என்ற ஒன்றைச் செய்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் அதை மரப்பீப்பாயிலேயே வைத்திருப்பார்கள்; ஆவியாகிக் குறைந்தாலும் மேலே ஊற்றி நிரப்புவதில்லை. மதுவின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் ஆடைபோல் படர்கின்றன. அந்த ஆடைதான் அது காடியாகிவிடாமல் காக்கிறது. பிற்காலத்தில் நுண்ணுயிர்களை ஆராயப்போகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைய முடியுமா?

பிரெஞ்சுக்காரர்கள் மதுவைப் பெரும்பாலும் திராட்சையின் பெயரால் அழைப்பதில்லை. ஊரின் பெயரால் அழைக்கிறார்கள். பர்கண்டிச் செம்மது என்றால் அது பினோ நுவார் என்னும் திராட்சை. போர்தோச் செம்மது என்றால் பெரும்பாலும் கபெர்னே சொவிஞோனும் மெர்லோவும் கலந்தது. ஷாம்பேனும் ஒரு வட்டாரத்தின் பெயரே. இது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு எங்கள் ஊர் மல்லிகை நாற்றுகளை நினைத்துப் பார்த்தேன். தங்கச்சிமடத்தில் பதியமிட்ட நாற்று மதுரைப் பக்கம் சென்று, அந்த மண்ணில் பூத்து, மதுரை மல்லி எனப் பெயர் பெறுகிறது. அப்பெயருக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் கிடைத்தது. ஆர்புவா மதுவுக்கோ 1936-ஆம் ஆண்டிலேயே அத்தகைய உரிமை வழங்கப்பட்டது. பிரான்சில் முதன்முதலாக அதைப் பெற்ற ஊர்களுள் ஆர்புவாவும் ஒன்று. கொடி ஒன்றானாலும் மண் மாறினால் குணம் மாறும் என்பதை உழவர்கள் எங்கும் அறிந்திருக்கிறார்கள்.

லூயி பள்ளியில் சிறந்து விளங்கிய மாணவர் அல்லர். ஓவியத்தில்தான் நாட்டம் மிகுதி. தாய் தந்தையரையும் அண்டை வீட்டாரையும் அழகாக வரைந்தார். மகன் ஆர்புவாப் பள்ளியில் ஓர் ஆசிரியராக வேண்டும் என்பதே தந்தையின் ஆசை. 1838-இல், பதினைந்து வயதில், மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரால் இருக்க முடியவில்லை. தோல் தொட்டியின் வாடையை ஒருமுறை நுகர்ந்தால் போதும், உடம்பு தேறிவிடும் என்று ஏங்கினாராம். சில வாரங்களில் தந்தை வந்து ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். விடுதியில் முதல் மாதத்தைக் கழித்த நம்மில் பலருக்கும் அந்த ஏக்கம் புரியும். ஆனால் பிறர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடைக்காக அவர் ஏங்கினார் என்பதைப் படித்தபோது, நான் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டேன். முதலாண்டு விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் கூலி என்று எழுதியிருந்தேன். பனையேறுபவர் என்று எழுதக் கை வரவில்லை.

பின்னர் லூயி பெசான்சோன் நகரில் படித்தார். 1842-இல் அறிவியல் தேர்வில் தேறினார்; வேதியியலில் அவர் பெற்ற மதிப்பீடு சுமார் என்பதே! வேதியியல் மாணவர்களாகிய நாம் மனம் தளர வேண்டியதில்லை. பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்விலும் அவ்வாண்டே தேறினார். ஆயினும் தமக்குக் கிடைத்த இடம் தாழ்ந்தது என்று கருதி, சேராமல் திரும்பவும் படித்து, 1843-இல் உயர்ந்த இடம் பெற்றுச் சேர்ந்தார்.

அவருடைய முதல் பெருங்கண்டுபிடிப்பும் மதுப் பீப்பாயோடு தொடர்புடையது. திராட்சை மது தங்கும் பீப்பாயின் உட்புறம் ஒரு உப்புப் படியும். அதிலிருந்து கிடைப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்புக்கும் அதுவே காரணம். அதே சேர்க்கை கொண்ட மற்றோர் அமிலமும் உண்டு. முன்னது ஒளியின் தளத்தைத் திருப்பும், பின்னது திருப்பாது. இது ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. 1848-இல் பாஸ்டர் இரண்டாவது அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வலக்கையும் இடக்கையும்போல் இருவகைப் படிகங்கள் அதில் கலந்திருந்தன. அவற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒருவகை ஒளியை வலமாகவும் மற்றது இடமாகவும் திருப்பின. கலந்திருக்கும்போது ஒன்றையொன்று ஈடுசெய்தன. நாம் இன்று படிக்கும் முப்பரிமாண வேதியியலுக்கு அன்று கால்கோள் இடப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

1854-இல் லீல் நகரில் அறிவியல் துறைத் தலைவரானார். அங்கே பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் ஒருவர், தம் தொட்டிகள் கெட்டுப்போவதாகக் கூறி உதவி நாடினார். பாஸ்டர் தொட்டித் துளிகளை உருப்பெருக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் இருந்தன. கெட்ட தொட்டியில் அவற்றினும் மிகச் சிறிய வேறு உயிர்கள் இருந்தன. நொதித்தல் என்பது வெறும் இரசாயனச் சிதைவே என்று அக்காலப் பேரறிஞர் பலர் நம்பினர். பாஸ்டரோ அது உயிர்களின் செயல் என்றார். 1857 முதல் அதைப் படிப்படியாக நிறுவினார்.

1860-இல் பிரான்சும் இங்கிலாந்தும் வாணிப உடன்படிக்கை செய்துகொண்டன. மது ஏற்றுமதி பெருகும் என எதிர்பார்த்தார்கள். ஆனால் வழியிலேயே மது கெட்டது. 1863-இல் மூன்றாம் நெப்போலியன் மன்னர் இதை ஆராயுமாறு பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்த இடம் ஆர்புவா. ஊரின் நுழைவாயிலில் இருந்த பழைய காப்பிக் கடை ஒன்று ஆய்வுக்கூடம் ஆயிற்று. கருவிகள் சிலவற்றை உள்ளூர்த் தச்சரும் தகரவேலைக்காரருமே செய்து தந்தார்கள். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று நாம் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தக் காப்பிக் கடையை நினைத்துக்கொள்ளலாம்.

வட்டாரத்துக்கு ஒரு திராட்சை இருப்பதுபோல் வட்டாரத்துக்கு ஒரு நோயும் இருந்தது. பர்கண்டிச் செம்மது கசந்தது. ஷாம்பேன் பகுதி வெண்மது எண்ணெய்போல் இழுபட்டது. தெற்கே மோன்பெல்லியே பக்கத்து மது கலங்கிக் குலைந்தது. பல ஊர்களில் மது புளித்துக் காடியானது. ஒவ்வொரு நோய்க்கும் உரிய நுண்ணுயிரைப் பாஸ்டர் தனித்தனியே கண்டு வரைந்து காட்டினார். மருந்து என்ன? காற்றுப்படாமல் அடைத்த மதுவை ஏறத்தாழ 55 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்குவது, அவ்வளவே. உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் வழியை அப்பேர் என்பவர் முன்பே கண்டிருந்தார். அது ஏன் பயன்படுகிறது என்பதைக் காட்டியவர் பாஸ்டர். சுவை கெடவில்லை என்பதை மதுச் சுவைஞர்களின் குழு ஆய்ந்து சொன்னது. சூடாக்கிய மதுவைக் கடற்படைக் கப்பலில் ஏற்றி அனுப்பியும் சோதித்தார்கள். 1865-இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்ற பாஸ்டர், அதைப் பணமாக்காமல் எல்லாரும் பயன்படுத்த விட்டுவிட்டார். 1866-இல் மது பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

அந்த ஆண்டுகள் அவருக்குத் துயர ஆண்டுகளும்கூட. 1865-இல் அவர் பட்டுப்புழு நோயை ஆராயத் தெற்கே சென்றிருந்தபோது தந்தை காலமானார். அவர் ஆர்புவா வந்து சேரும்முன் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து குழந்தைகளில் மூன்று பெண் குழந்தைகளைச் சிறு வயதிலேயே இழந்தார். 1868-இல் பக்கவாதம் தாக்கியது. இடப்பக்கம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வெறிநாய்க்கடி மருந்து உட்பட அவருடைய பெரும்பணிகள் பல அதற்குப் பிறகு செய்யப்பட்டவை.

1874-இல் ஆர்புவா அருகே ரொசியேர் என்ற இடத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கினார். ஈஸ்ட் இல்லாமலேயே மது உண்டாகும் என்ற கருத்து 1878-இல் மீண்டும் எழுந்தது. உடனே கண்ணாடிக் கூடுகள் செய்வித்து, காய் முற்றும்முன் சில கொடிகளை மூடினார். சில குலைகளைப் பஞ்சால் சுற்றினார். பழுத்த பின் அவற்றைப் பிழிந்து வைத்தபோது சாறு நொதிக்கவில்லை. திறந்திருந்த கொடிகளின் சாறு வழக்கம்போல் பொங்கியது. ஈஸ்ட் வெளியிலிருந்து வருகிறது என்பது தோட்டத்திலேயே உறுதியாயிற்று.

1885 ஜூலை 6-ஆம் நாள் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ழோசப் மைஸ்டருக்கு ஊசி போடப்பட்டதும், அவன் பிழைத்ததும், 1888-இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் எழுந்ததும் நாம் அறிந்தவை. அவர் பெயரால் 1907-இல் நம் குன்னூரிலும் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அவரைக் குறையற்றவர் என்று கூறிவிட முடியாது. 1881-இல் ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டுக் காட்டியபோது, அந்த மருந்தைத் தயாரித்த முறையை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. உண்மையில் அது அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் கையாண்ட முறை. பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளைப் படித்தவர்கள் இதைக் கண்டார்கள். பெரியோரிடத்தும் பிழை உண்டு என்பதை மறைக்காமல் சொல்வதும் அறிவியலே.

1876-இல் வெளிவந்த தம் நூலைப் பாஸ்டர் மறைந்த தந்தைக்கு உரிமையாக்கினார். 1883-இல் தோல் நகரில் அவர் பிறந்த வீட்டில் நினைவுப் பலகை திறந்தபோது, பேச எழுந்தவர் தம் சாதனைகளைச் சொல்லவில்லை. எளிய தொழில் செய்து தம்மைப் படிக்க வைத்த பெற்றோரையே நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1895 செப்டம்பர் 28-ஆம் நாள் மறைந்தார். பாரிசில் அவருடைய நிலையத்தின் அடித்தளத்தில் உள்ள கல்லறையைச் சுற்றி வண்ணக்கற்களால் ஓவியம் பதித்திருக்கிறார்கள். அதில் திராட்சைக் கொடியும் இருக்கிறது.

சென்ற பருவத்தில், சுண்ணாம்பு போதாத ஒரு கலயத்துப் பதநீரைப் புட்டியில் எடுத்து வந்தேன். பேருந்து பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் மூடி எழும்பிவிட்டது. பேராசிரியர் இசைவுடன் அதில் ஒரு துளியை நம் ஆய்வுக்கூட உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக ஈஸ்ட் அணுக்கள். சிலவற்றின் பக்கத்தில் சிறு மொட்டு. ஊருக்குப் போனபோது அதைப் படமாக வரைந்து அப்பாவிடம் காட்டினேன். சுண்ணாம்பின் காரம் இவற்றை வளரவிடாமல் தடுக்கிறது என்றேன். அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். மழைக்காற்று அடிக்கும் நாட்களில் சுண்ணாம்பு சற்றுக் கூட வேண்டும், அதற்குக் காரணம் என்ன என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த பருவத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பதாக இருக்கிறேன். இவ்வாண்டு விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் பனையேறுதல் என்றே எழுதியிருக்கிறேன்.