சதுப்பு நிலம் காத்த தூரிகை

நுழையும்முன்

காட்டுயிர்களைக் காக்க வேண்டும் என்பதை மறுப்பவர் எவரும் இலர். ஆயின், அவை வாழும் ஏரியையும் சதுப்பு நிலத்தையும் காப்பதற்கான பணத்தை யார் தருவது என்று கேட்டால் பெரும்பாலோர் அமைதியாகிவிடுவர். பறவைகளுக்கு வாக்குரிமை இல்லை. வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படும் அவையில் அவற்றுக்காகப் பேச ஆளும் இல்லை. அந்த இடத்தில் எழுந்து பேசியவர் ஒரு கேலிச்சித்திர ஓவியர். ஒரு டாலர் விலையுள்ள சிறு வில்லையைக் கொண்டு பெரும் நிலப்பரப்பைப் பறவைகளுக்கு மீட்டுத் தந்த ஜே நார்வுட் டார்லிங்கின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

புல்வெளியில் வளர்ந்த சிறுவன்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நார்வுட் என்னும் சிற்றூரில் 1876ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் டார்லிங் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருடைய நடுப்பெயராயிற்று. தந்தை ஒரு கிறித்தவ சமய குரு. டார்லிங் பத்து வயதை நெருங்கியபோது, அக்குடும்பம் அயோவா மாநிலத்தின் சூ சிட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. மிசூரி ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரைச் சுற்றி அக்காலத்தில் எல்லை காண இயலாத புல்வெளி பரந்திருந்தது.

அப்புல்வெளியில் மாடு மேய்த்தும் நீரோடைகளில் மீன் பிடித்தும் சிறுவன் டார்லிங் வளர்ந்தார். இலையுதிர் காலத்திலும் இளவேனிலிலும் வானத்தை மறைத்துக்கொண்டு வலசை செல்லும் காட்டு வாத்துகளின் கூட்டம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. மிச்சிகனில் உறவினர் ஒருவரது பண்ணையிலும் அவர் கோடை விடுமுறைகளைக் கழித்தார். வளமான மண்ணும் மீன்கள் துள்ளும் ஆறும் அப்பண்ணையின் அடையாளங்களாக இருந்தன. ஆண்டுகள் பல கழித்து அங்குச் சென்றபோது அவர் கண்டது வேறொரு காட்சி. மேல்மண் அரித்துச் செல்லப்பட்டிருந்தது. ஆற்றில் மீன்கள் அருகிப் போயிருந்தன. ஒரு நிலம் ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே அழிந்துவிடக்கூடும் என்னும் உண்மையை அவர் அங்கு உணர்ந்தார்.

கோடுகளால் பெற்ற புகழ்

விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் கல்லூரியில் பயின்றபோது, ஆண்டு மலரில் பேராசிரியர்களை நடன மங்கையராக அவர் வரைந்தார். அதற்காகக் கல்லூரியிலிருந்து ஓராண்டுக்காலம் நீக்கப்பட்டார். அந்நாளில் தம் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் கடைசி எழுத்துகளையும் மட்டும் இணைத்து அவர் இட்ட புனைபெயரே 'டிங்' என்பது. அப்பெயர் வாழ்நாள் முழுவதும் அவருடன் நிலைத்தது.

1900ஆம் ஆண்டில் பட்டம் பெற்றபின் சூ சிட்டி நகர நாளிதழில் செய்தியாளராகச் சேர்ந்தார். ஒளிப்படம் எடுக்க இசையாத வழக்கறிஞர் ஒருவரை அவர் கோட்டோவியமாக வரைந்து தந்தார். அது இதழில் வெளியாகிப் பாராட்டைப் பெறவே, செய்தியாளர் ஓவியரானார். 1906ஆம் ஆண்டு ஜெனிவிவ் பெண்டில்டன் என்பவரை மணந்து, அதே ஆண்டில் டெ மாய்ன் நகர நாளிதழில் பணியேற்றார். நாளடைவில் அவருடைய சித்திரங்கள் நாடெங்குமுள்ள இதழ்களில் வெளிவந்தன. 1924, 1943 ஆகிய ஆண்டுகளில் இருமுறை புலிட்சர் பரிசு அவரை நாடி வந்தது.

அரசியலை மட்டும் அவர் வரையவில்லை. வற்றிய ஏரி, வெட்டப்பட்ட காடு, சாக்கடையாகிய ஆறு ஆகியனவும் அவருடைய சித்திரங்களுக்குப் பொருளாயின. சட்டமன்றச் செய்திகளைப் படிக்காதவர்களும் அச்சித்திரங்களைப் பார்த்துச் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர்.

வறண்ட நிலமும் வெற்று வானமும்

1930களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகள் பேரழிவை எதிர்கொண்டன. வேளாண்மைக்காகப் பல்லாண்டுகளாகச் சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டிருந்தன. அதனோடு கடும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, எஞ்சிய குளங்களும் புழுதிப் பரப்பாயின. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க இடமின்றி வாத்துகள் குறைந்தன. வேட்டையோ பழைய வேகத்திலேயே தொடர்ந்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. வலசைப் பறவைகளுக்குப் புகலிடங்களை அமைக்க அரசு நிலம் வாங்கலாம் என்று 1929ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருந்தது. ஆனால், அவ்வாண்டில் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அரசின் கருவூலத்தை வறளச் செய்தது. வேலையிழந்த மக்கள் உணவுக்காக வரிசையில் நின்ற நாளில், வாத்துகளுக்கு நிலம் வாங்கப் பணம் கேட்பவர் எள்ளி நகையாடப்பட்டார். சட்டம் ஏட்டில் இருந்தது, நிதி இல்லை.

டார்லிங் 1931ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தின் மீன் மற்றும் வேட்டை ஆணையத்தில் உறுப்பினரானார். காட்டுயிர்களைப் பற்றிய முறையான அறிவும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லை என்பதை அங்கு அவர் கண்டார். அக்குறையைப் போக்க 1932ஆம் ஆண்டு அயோவா மாநிலக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவொன்று தொடங்கக் காரணமாக இருந்தார். செலவின் ஒரு பங்கைக் கல்லூரியும் மற்றொரு பங்கை ஆணையமும் ஏற்றன. மூன்றாம் பங்கை டார்லிங் தம் சொந்தப் பணத்திலிருந்து தந்தார்.

எதிர்பாராத அழைப்பு

1934ஆம் ஆண்டு தொடக்கத்தில் காட்டுயிர் மீட்புக்கென ஒரு குழுவைக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமைத்தார். இதழாளர் தாமஸ் பெக், சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டு ஆகியோருடன் டார்லிங்கும் அதில் இடம்பெற்றார். அடுத்து, உயிரியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பே அவரைத் தேடி வந்தது.

அழைப்பு பலருக்கும் வியப்பளித்தது. டார்லிங், ரூஸ்வெல்ட்டின் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். முன்னாள் தலைவர் ஹூவரின் நண்பர். ரூஸ்வெல்ட் அரசு பணத்தை வாரி இறைக்கிறது என்று நாள்தோறும் சித்திரம் தீட்டியவர். பதவியை ஏற்றால் அதே அரசிடம் அவரே பணம் கேட்டு நிற்க வேண்டும். ஓவியராக ஆண்டுக்கு ஓர் இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய அவருக்கு அப்பதவி தந்த ஊதியம் எட்டாயிரம் டாலர். எனினும், குறை சொல்லிக் கொண்டிருந்தவன் வாய்ப்பு வந்தபோது விலகி நிற்பது முறையன்று என அவர் கருதினார். 1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொறுப்பேற்றார்.

ஒரு டாலர் வில்லை

அவர் பதவியேற்ற சில நாள்களிலேயே, மார்ச் 16ஆம் நாள், புதிய சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு நீர்ப்பறவை வேட்டையாளரும் ஆண்டுதோறும் ஒரு டாலர் கொடுத்து நடுவண் அரசின் வருவாய் வில்லையை வாங்க வேண்டும். அப்பணம் பறவைப் புகலிடங்களுக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். யார் இயற்கையிலிருந்து எடுக்கிறாரோ அவரே இயற்கைக்குத் திருப்பித் தரவேண்டும் என்னும் எளிய அறம் அதில் அடங்கியிருந்தது. பொதுக் கருவூலம் வறண்டாலும் இவ்வூற்று வறளாது என்பது அதன் சிறப்பு.

முதல் வில்லையின் படத்தை டார்லிங்கே வரைந்தார். சலவை செய்த சட்டைக்குள் வைக்கும் அட்டையில் அவர் விரைவாகத் தீட்டிக் காட்டிய மாதிரி ஓவியங்களுள் ஒன்றே இறுதிப் படமாயிற்று என்பர். இரண்டு வாத்துகள் சிறகு விரித்து நீரில் இறங்கும் காட்சி அது. 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் அஞ்சல் நிலையங்களில் விற்பனை தொடங்கியது. முதலாண்டில் ஆறு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம் வில்லைகள் விற்பனையாயின. 'வாத்து வில்லை' என்று மக்கள் அதனை அன்போடு அழைத்தனர்.

பணம் தேடிய இருபது மாதங்கள்

வில்லை தந்த வருவாய் தொடக்கம் மட்டுமே. வறட்சியால் விலை வீழ்ந்திருந்த நிலங்களை உடனே வாங்காவிட்டால், மழை பெய்தபின் அவை எட்டாத விலைக்குப் போய்விடும். ஆகவே, டார்லிங் குடியரசுத் தலைவரை விடாது நெருக்கினார். பத்து இலட்சம் டாலர் வழங்குமாறு ரூஸ்வெல்ட் ஒரு தாளில் எழுதித் தந்தார். அத்தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார் டார்லிங். ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டியது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. வறட்சி நிவாரணம், பயனற்ற வேளாண் நிலங்களை மீட்கும் திட்டம், வேலைவாய்ப்புத் திட்டம் எனப் பல வாயில்களைத் தட்டி நிதி திரட்டினார்.

1935ஆம் ஆண்டில் தெற்கு டகோட்டாவின் செனட் உறுப்பினர் பீட்டர் நார்பெக், மற்றொரு சட்ட முன்வரைவோடு அறுபது இலட்சம் டாலர் ஒதுக்கீட்டையும் இணைத்து நிறைவேறச் செய்தார். உடல் நலிவுற்றிருந்த நார்பெக், பொய்ப்பற்களைக் கழற்றிவிட்டுத் தெளிவற்ற குரலில் அதனை முன்மொழிந்ததால், உறுப்பினர்கள் பொருள் விளங்காமலே இசைந்துவிட்டனர் என்று டார்லிங் பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்வதுண்டு.

திரண்ட பணம் நிலமாக மாறியது. கிளார்க் சால்யர் என்னும் இளம் உயிரியலாளரை டார்லிங் அமர்த்தினார். அவர் சிற்றுந்தில் நாடு முழுவதும் அலைந்து ஏற்ற நிலங்களைத் தேர்ந்தார். வேலையற்ற இளைஞர்களுக்கான அரசுப் படையினர் அணைகளையும் கரைகளையும் அமைத்து நீரைத் தேக்கினர். வடக்கு டகோட்டாவின் சூரிஸ் ஆற்றுச் சதுப்புகளும் ஆரிகன் மாநிலத்தின் மால்ஹியூர் ஏரிப் பகுதியும் புத்துயிர் பெற்றன. அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவில் எழுபதுக்கும் குறைவாகவே அறியப்பட்டிருந்த எக்காள அன்னங்களுக்காக மொன்டானாவில் ரெட் ராக் ஏரிகள் புகலிடம் தோன்றியது. புகலிடங்களின் எல்லைப் பலகைக்காக டார்லிங் வரைந்த பறக்கும் நீல வாத்து, இன்றும் அவற்றின் சின்னமாக விளங்குகிறது.

நிலத்தைக் காத்ததோடு வேட்டையையும் அவர் கட்டுப்படுத்தினார். இரை தூவிப் பறவைகளை ஈர்ப்பதும் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து ஏமாற்றுவதும் தடை செய்யப்பட்டன. வேட்டைக்காலம் முப்பது நாளாகச் சுருக்கப்பட்டது. தாமே வேட்டைப் பழக்கம் உடையவராக இருந்தும், சக வேட்டையாளர்களின் சினத்தை அவர் பொருட்படுத்தவில்லை. 1935ஆம் ஆண்டு நவம்பரில் பதவியிலிருந்து விலகி மீண்டும் தூரிகையை ஏந்தினார்.

பதவிக்குப் பின்

அரசு மனம் மாறினாலும் பணி நிற்காதிருக்க மக்கள் அமைப்பு தேவை என உணர்ந்த டார்லிங், 1936ஆம் ஆண்டு காட்டுயிர் ஆர்வலர்களை ஒன்றுதிரட்டினார். அம்மாநாட்டில் பிறந்த கூட்டமைப்பின் முதல் தலைவர் அவரே. அடுத்த ஆண்டு, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம் நிறைவேறியது.

குளிர்காலத்தில் புளோரிடாவின் கேப்டிவா தீவில் அவர் தங்குவது வழக்கம். அருகிலுள்ள சனிபெல் தீவின் 2,200 ஏக்கருக்கும் மேற்பட்ட அலையாத்திக் காட்டை, ஏக்கர் அரை டாலர் விலையில் கட்டட நிறுவனத்தாருக்கு விற்க மாநில அரசு எண்ணியபோது, அவர் அதனைத் தடுக்க முனைந்தார். அவரது முயற்சியால் 1945ஆம் ஆண்டு அங்குக் காட்டுயிர்ப் புகலிடம் உருவானது. 1967ஆம் ஆண்டில் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவரை வருத்திய செய்தியும் ஒன்றுண்டு. வில்லைப் பணத்தின் ஒரு பகுதி நிலம் வாங்குவதற்கன்றி நிர்வாகச் செலவுகளுக்குப் போயிற்று. 1958ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே அந்நிதியை வாழிடங்களுக்கென உறுதிசெய்தது. அப்போது டார்லிங்குக்கு எண்பது வயது கடந்திருந்தது.

> தெரிந்து தெளிவோம்
> வாத்து வில்லை இன்றும் ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. 2015ஆம் ஆண்டு முதல் அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் வாழிடப் பாதுகாப்புக்கே செல்கிறது. இதுவரை ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் நிலம் இதனால் காக்கப்பட்டுள்ளது. வேட்டையாடாத பறவை ஆர்வலர்களும் இதனை வாங்குகின்றனர். நுழைவுக் கட்டணம் உள்ள தேசியக் காட்டுயிர்ப் புகலிடங்களுக்குள் இவ்வில்லையைக் காட்டிக் கட்டணமின்றிச் செல்லலாம்.

நடந்து செல்ல ஒரு பாதை

காக்கப்பட்ட நிலத்தில் மக்கள் நடக்கவும் வேண்டும் என்பது டார்லிங்கின் கருத்து. காணாத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை. நேசிக்காத ஒன்றுக்குப் பொதுப்பணம் தர எவரும் முன்வருவதில்லை. தாம் வளர்ந்த மிசூரி ஆற்றின் வழியே, லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் 1804ஆம் ஆண்டு பயணம் தொடங்கிய தடத்தைப் பொதுமக்களுக்கான பாதையாக்க வேண்டும் என்பது முதுமையில் அவர் கண்ட கனவு. அது நிறைவேறும் முன்பே, 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் டெ மாய்ன் நகரில் அவர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை அக்கனவைச் சுமந்தது. 1978ஆம் ஆண்டு அத்தடம் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டது.

தாம் மறைந்தபின் வெளியிடுவதற்கென்று அவர் முன்னரே ஒரு சித்திரம் வரைந்து வைத்திருந்தார். தாள்கள் சிதறிக் கிடக்கும் பணியறை, வெறுமையான நாற்காலி, நிழலுருவாய்க் கதவு வழியே விடைபெற்றுச் செல்லும் டார்லிங். அவர் மறைந்த மறுநாள் இதழில் அதனைக் கண்ட வாசகர்கள் கண்கலங்கினர்.

அரசுப் பணத்தை ஐயுற்ற ஒருவர், பறவைகளுக்காக அதே பணத்தை வாயில்தோறும் நின்று கேட்டார். கொள்கையைக் கைவிட்டதால் அவர் அவ்வாறு செய்யவில்லை. செலவிடாமல் சேமிப்பதாக எண்ணும் பணத்தைவிடப் பெரிய செல்வம் கண்முன் அழிவதைக் கண்டதால் செய்தார். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில், அவர் மீட்டுத் தந்த நீர்நிலைகளில் வலசைப் பறவைகள் இறங்கி இளைப்பாறுகின்றன. அந்நீர்நிலைகளே அவரது புகழுக்குச் சான்றாய் நிற்கின்றன.