கொட்டூலா பள்ளியும் லிண்டன் ஜான்சனும்

லிண்டன் ஜான்சன் என்றதும் நம் நாட்டு மூத்த தலைமுறைக்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று வியத்நாம் போர். மற்றொன்று, 1960-களின் வறட்சிக் காலத்தில் இந்தியாவுக்கான கோதுமையை மாதக் கணக்கில் அளந்து அளந்து அனுப்பிய அவரது கடுமை. இரண்டும் உண்மையே. அவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆயினும், அவர் வாழ்வில் நாம் அதிகம் அறியாத இழை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிராமப்புறப் பொதுப் பள்ளிகளோடு அவருக்கிருந்த உறவு அது. ஒரு குழந்தையின் கல்விச் செலவை அது பிறந்த ஊர் ஏற்க வேண்டுமா, நாடு ஏற்க வேண்டுமா என்ற கேள்வியை அவ்வாழ்க்கையைப் போலத் தெளிவாக எழுப்பும் வேறொரு வாழ்க்கையை நான் கண்டதில்லை.

ஒற்றை அறைப் பள்ளி

ஜான்சன் 1908 ஆகஸ்ட் 27-இல் டெக்சஸ் மாநிலத்தின் கிலெஸ்பி கவுண்டியில், பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில் பிறந்தார். வீட்டுக்கு அருகே ஜங்ஷன் பள்ளி இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியை. எல்லா வகுப்புகளும் அங்கேதான். பள்ளி வயது வருமுன், நான்கு வயதிலேயே அவர் அங்கே சேர்க்கப்பட்டார். 1913-இல் குடும்பம் பிளாங்கோ கவுண்டியிலுள்ள ஜான்சன் சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை சாம் ஜான்சன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்; தாய் ரெபெக்கா படித்தவர், பிள்ளைகளுக்குப் பேச்சுக்கலை கற்பித்தவர். ஆனால், பருத்தி விலை வீழ்ந்தபோது தந்தை நிலத்தை இழந்தார். கடன் குடும்பத்தை அழுத்தியது.

1924-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்த லிண்டன் கல்லூரிக்குப் போக மறுத்து, நண்பர்களோடு கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து சாலை போடும் கூலி வேலை செய்தார். 1927-இல்தான் சான் மார்கோஸ் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பைத் தொடரப் பணம் போதவில்லை. ஓராண்டு ஆசிரியர் வேலை பார்த்துச் சேமிக்கலாம் என்று 1928-இல் அவர் போய்ச் சேர்ந்த ஊர்தான் கொட்டூலா.

கொட்டூலாவில் ஓராண்டு

லா சால் கவுண்டியின் தலைமை ஊரான கொட்டூலா, சான் அன்டோனியோவுக்கும் மெக்சிகோ எல்லைக்கும் இடையில் உள்ள வறண்ட நிலப்பகுதி. மேய்ச்சல் பண்ணைகளும் காய்கறி வயல்களுமே பிழைப்பு. உழைத்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். அவர்களுடைய பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது வெல்ஹவுசன் பள்ளி. டெக்சஸில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பிரித்துவைக்க மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. வழக்கமே சட்டமாக இருந்தது.

இங்கே அமெரிக்கப் பள்ளி நிர்வாகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டைப் போல அங்கே அரசின் கல்வித் துறை நேரடியாகப் பள்ளிகளை நடத்துவதில்லை. பள்ளி மாவட்டம் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. அதன் எல்லை கவுண்டியின் எல்லையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கவுண்டிக்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருக்கலாம். அதற்கென மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. நிலம், வீடு, தொழிற்கூடம் ஆகியவற்றின் மீது வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. ஆகவே, நிலம் மதிப்புள்ள ஊரில் பள்ளி செழிக்கும்; இல்லாத ஊரில் நலியும். கொட்டூலா போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வாக்களிக்கவே தலைவரி கட்ட வேண்டியிருந்த டெக்சஸில், கூலித் தொழிலாளியின் குரல் அந்தக் குழுவை எட்டவில்லை.

இருபது வயதில் ஜான்சன் அப்பள்ளியின் தலைமையாசிரியரானார். ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கும் அவரே பாடம் நடத்தினார். பிள்ளைகள் காலையில் பசியோடு வந்தார்கள். விளையாட ஒரு பந்துகூடப் பள்ளியில் இல்லை. தம் முதல் மாதச் சம்பளத்திலிருந்து அவர் விளையாட்டுப் பொருள்கள் வாங்கினார். பேச்சுப் போட்டிகளையும் பந்தாட்டங்களையும் நடத்தினார். பிற ஊர்ப் பள்ளிகளோடு மோத மாணவர்களை அழைத்துச் சென்றார். பள்ளியின் துப்புரவுப் பணியாளருக்கும் ஆங்கிலம் கற்பித்தார்.

அவரை நான் புனிதராக்க விரும்பவில்லை. பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் தாய்மொழியான ஸ்பானிஷில் பேசினால் தண்டித்தார். பையன்களை அடிக்கவும் செய்தார். ஆங்கிலம் வந்தால்தான் முன்னேறலாம் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் குறையை அவர் அப்போது உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால், அக்குழந்தைகளால் முடியும் என்று எண்ணி அவர்களிடம் கடினமான உழைப்பைக் கேட்ட ஆசிரியர் அவர். அதை அந்த மாணவர்கள் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

ஓராண்டில் அவர் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார். வெல்ஹவுசன் பள்ளி அப்படியே இருந்தது. நல்லாசிரியர் ஒருவரால் பந்து வாங்கித் தர முடிந்தது. பள்ளி மாவட்டத்தின் வரவுசெலவுக் கணக்கை மாற்ற முடியவில்லை. கொட்டூலா கற்றுத் தந்த பாடம் இதுதான் என்பது என் கருத்து. அதை அவர் செயலாக்க முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

நெடிய தாமதம்

1930-இல் பட்டம் பெற்றார். ஹூஸ்டனில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பேச்சுக்கலை ஆசிரியராகப் பணியாற்றினார். 1931-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செயலராக வாஷிங்டன் சென்றார். 1935-இல் ரூஸ்வெல்ட் அரசின் தேசிய இளைஞர் நிர்வாகத்துக்கு டெக்சஸ் இயக்குநராகி, ஏழை மாணவர்கள் படிப்பைக் கைவிடாதிருக்கப் பகுதிநேர வேலைகளை ஏற்பாடு செய்தார். 1937-இல் பிரதிநிதிகள் சபை, 1949-இல் செனட், 1955-இல் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் என ஏறிக்கொண்டே போனார்.

அந்த ஏற்றத்துக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். அவைக்கு வந்த முதல் இருபது ஆண்டுகளில் கறுப்பின மக்களின் சம உரிமைக்கான மசோதாக்களை அவர் எதிர்த்தே வாக்களித்தார். கொட்டூலாவின் நினைவு உள்ளத்தில் இருந்திருக்கலாம். வாக்குச் சீட்டில் அது தெரியவில்லை. தெற்கத்திய வாக்காளர்களுக்கு அஞ்சிய அரசியல்வாதியாகவே அவர் நடந்துகொண்டார். 1957-இல்தான் வலுக்குறைந்த ஒரு சம உரிமைச் சட்டத்தை நிறைவேற்ற முன்வந்தார். 1963 நவம்பர் 22-இல் கென்னடி கொல்லப்பட்டதும் அதிபரானார். அதன் பிறகுதான் பழைய ஆசிரியர் வெளிப்பட்டார்.

1965 சட்டம்

பள்ளிகளுக்கு மத்திய அரசு பொதுவான நிதியுதவி வழங்க வேண்டும் என்ற யோசனை அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. கென்னடியும் முயன்று தோற்றார். தடைகள் மூன்று. பணத்தோடு இன ஒருங்கிணைப்பும் வந்துவிடும் எனத் தெற்கு அஞ்சியது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பங்கு உண்டா என்பதில் மதத் தகராறு இருந்தது. உள்ளூர் நிர்வாகத்தில் வாஷிங்டன் தலையிடும் என்ற அச்சமும் பரவியிருந்தது.

1964-ஆம் ஆண்டின் சம உரிமைச் சட்டம் முதல் தடையைத் தகர்த்தது. இனப் பாகுபாடு காட்டும் எந்த நிறுவனத்துக்கும் மத்திய அரசின் பணம் கிடையாது என அது விதித்தது. இரண்டாவது தடையைத் தாண்ட ஜான்சன் அரசு புதுவழி கண்டது. உதவி பள்ளிக்கன்று, ஏழைக் குழந்தைக்கு என்றது. ஆண்டு வருமானம் 2,000 டாலருக்குக் குறைவான குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் என எண்ணி, அந்த மாநிலம் ஒரு மாணவருக்குச் செலவிடும் சராசரித் தொகையில் பாதியை ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு வழங்குவது திட்டம்.

ஜனவரியில் வந்த மசோதா மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 263-க்கு 153 எனவும், ஏப்ரலில் செனட்டில் 73-க்கு 18 எனவும் நிறைவேறியது. செனட்டில் ஒரு சொல்லையும் மாற்ற அவர் இடம் கொடுக்கவில்லை. மாற்றினால் மசோதா மீண்டும் இழுபறியில் சிக்கும் என்று அறிந்திருந்தார். 1965 ஏப்ரல் 11 ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைப் பருவத்தில் தாம் படித்த ஜங்ஷன் பள்ளியின் முன்னால், தம் முதல் ஆசிரியை அருகில் அமர்ந்திருக்க, தொடக்க, உயர்நிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இரு சட்டங்களும் சேர்ந்து தெற்கின் கிராமப்புறக் கவுண்டிகளில் செய்த வேலை பெரிது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பத்தாண்டுகள் கழிந்த பின்னும், பழைய கூட்டமைப்பு மாநிலங்கள் பதினொன்றில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1968-69-இல் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கானது. நீதிமன்ற ஆணையை அசட்டை செய்த பள்ளி மாவட்டங்களால் நிதி நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையை அசட்டை செய்ய முடியவில்லை. 1968-இல் ஆங்கிலம் அறியாப் பிள்ளைகளுக்கான இருமொழிக் கல்விச் சட்டத்திலும் ஜான்சனே கையெழுத்திட்டார். ஸ்பானிஷ் பேசியதற்காக மாணவர்களைத் தண்டித்த அதே கை அது.

தீராத கணக்கு

சட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாநிலச் சராசரியை அளவுகோலாக வைத்ததால், குறைவாகச் செலவிட்ட ஏழை மாநிலத்தின் குழந்தைக்குக் குறைந்த தொகையே கிடைத்தது. வாக்குகளைத் திரட்டுவதற்காக நாட்டின் பெரும்பாலான கவுண்டிகளுக்கும் பணம் பிரித்தளிக்கப்பட்டதில், தேவை மிகுந்த இடங்களுக்குப் போனது நீர்த்துப்போனது. ஏழைப் பிள்ளைகளுக்கான பணத்தைச் சில பள்ளி மாவட்டங்கள் வேறு செலவுகளுக்குத் திருப்பியதை 1969-இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று அம்பலப்படுத்தியது. வியத்நாம் போர் விழுங்கிய பணம் பள்ளிகளுக்கு வந்திருக்கக் கூடும். அந்தப் பொறுப்பு ஜான்சனுடையதே.

யாவற்றினும் பெரிய குறை, சொத்து வரியை நம்பிய பள்ளி மாவட்ட அமைப்பை அவர் தொடவே இல்லை என்பது. சான் அன்டோனியோவின் இரு பள்ளி மாவட்டங்களின் 1967-68 கணக்கைப் பாருங்கள். மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த எட்ஜ்வுட் மாவட்டம், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. வசதியான அலமோ ஹைட்ஸ் மாவட்டமோ 85 சென்ட் வரியிலேயே 333 டாலர் திரட்டியது. ஏழையே அதிக விகிதத்தில் வரி கட்டினார்; அவர் பிள்ளைக்கே குறைவாகக் கிடைத்தது. ஜான்சனின் சட்டம் உள்ளிட்ட மத்திய நிதி எட்ஜ்வுட் மாணவருக்கு 108 டாலரும், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 36 டாலரும் தந்தது. மாநிலத்தின் பங்கையும் சேர்த்த பிறகு, எட்ஜ்வுட்டில் 356 டாலர். அலமோ ஹைட்ஸில் 594 டாலர். இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1973 ஜனவரி 22-இல், 64 வயதில், ஜான்சன் தம் பண்ணை வீட்டில் காலமானார். இரண்டு மாதங்களில், மார்ச் 21 அன்று, 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தப் பெற்றோர் தோற்றார்கள். கல்வி, அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மறுத்து எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். 1967-இல் ஜான்சன் நியமித்த முதல் கறுப்பின நீதிபதி.

பின்னர் டெக்சஸ் மாநில நீதிமன்றமே 1989-இல் அந்த மாநிலத்தின் நிதிமுறையைச் செல்லாதென்றது. செல்வம் மிகுந்த பள்ளி மாவட்டங்களிடமிருந்து ஒரு பகுதியை எடுத்து மற்றவற்றுக்கு வழங்கும் முறை 1993-இல் வந்தது. 2008-இல் அதே லா சால் கவுண்டியில் ஈகிள் ஃபோர்டு பாறைப் படிவத்தில் எரிவாயு கண்டறியப்பட்டது. ஏழைக் கவுண்டியின் சொத்து மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. வெல்ஹவுசன் பிள்ளைகள் பசியோடு நடந்த மண்ணுக்கு அடியில்தான் அந்தச் செல்வம் அவ்வளவு காலமும் கிடந்தது. அவர்களின் பள்ளி நலிந்ததற்கு அவர்களின் திறமை காரணமன்று. மண்ணுக்குள் கிடப்பதை எவரும் அறியாத காலத்தில் அவர்கள் பிறந்துவிட்டார்கள், அவ்வளவே.

ஜான்சனின் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஆசிரியரின் கருணை வகுப்பறையைத் தாண்டாது. அதைச் சட்டமாக்கும்போதுதான் அடுத்த கவுண்டிக்கும் போய்ச் சேரும். அச்சட்டமும் நிதியின் மூலத்தைத் தொடாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். அவர் பாதி வழி சென்றார். அவருக்கு முன்னிருந்த அமெரிக்க அதிபர் எவரும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்திலிருந்து ஜங்ஷன் பள்ளி நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. அப்பள்ளி இன்று நினைவுச்சின்னம். அமெரிக்காவின் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில், உள்ளூர்ச் சொத்தின் மதிப்பே ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதில் இன்றும் பெரும்பங்கு வகிக்கிறது.