மின்னலுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்



கார்த்திகை தீபத்தன்று நம் மொட்டை மாடியில் நின்று மலை உச்சியைச் செல்போனில் படம் எடுத்திருப்பீர்கள். இருட்டில் எடுக்கும்போது, சில நொடிகள் கை ஆடாமல் பிடிக்கும்படி போனே சொல்லும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ள கேமராவுக்கு நேரம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நம்பி 1899-ல் எடுத்த படம் ஒன்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கலாம். ஒரு பெரிய மரக்கொட்டகை. உள்ளே மரக்கிளைகள்போல மின்னல் வெடித்துச் சிதறுகிறது. அதன் கீழே ஒருவர் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் நிக்கோலா டெஸ்லா.

1856-ல், இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 1884-ல் அமெரிக்கா போய் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்களிலேயே விலகினார். 1888-ல் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். அதை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கிக்கொண்டார். நம் லிப்ட்டை இழுப்பதும் போர்வெல்லில் தண்ணீர் ஏற்றுவதும் அந்த மோட்டாரின் வாரிசுகள்தான்.

அதோடு நின்றிருந்தால் வசதியாக வாழ்ந்து முடித்திருப்பார். ஆனால் கம்பியே இல்லாமல் உலகம் முழுக்க மின்சாரம் அனுப்ப வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. 1895-ல் நியூயார்க் ஆய்வுக்கூடம் தீயில் எரிந்தபோதும் அந்த ஆசை எரியவில்லை. 1899 மே மாதம் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூருக்குப் போய்க் கொட்டகை போட்டார். அதற்குள் சுமார் 15 மீட்டர் அகலத்தில் கம்பிச் சுருள் அமைத்தார். பல லட்சம் வோல்ட் உயர்ந்ததும் அதிலிருந்து செயற்கை மின்னல் பாய்ந்தது.

செய்வது ஒன்று, பணம் போடுகிறவர்களை நம்ப வைப்பது வேறொன்று. அந்த டிசம்பரில் டிக்கன்சன் ஆலி என்ற புகைப்படக்காரர் அங்கே வந்தார். இனி அவர்கள் செய்ததைக் கவனியுங்கள்.

கொட்டகையை இருட்டாக்கி, கேமராவில் கண்ணாடித் தகட்டைப் பொருத்தி, மூடியைத் திறந்தே வைத்தார்கள். இருட்டில் தகட்டில் எதுவும் பதியாது. பொறி பாயும்போது அதன் வெளிச்சமே தன் படத்தை வரைந்துவிடும். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். ஒவ்வொரு முறையும் புதிய மின்னல் வேறு வழியில் பாய்ந்து, பழையதன் மேல் பதிந்தது. ஆக, படத்தில் தெரிகிற மின்னல் கூட்டம் ஒரே நொடியில் பாய்ந்ததல்ல.

பிறகு சுருளை முழுவதும் நிறுத்தினார்கள். டெஸ்லா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்க் விளக்கும் கொஞ்சம் வெடிமருந்து வெளிச்சமும் காட்டி, அதே தகட்டில் அவரையும் எடுத்தார்கள். பழைய பெட்டிக் கேமராவில் பிலிமைச் சுற்ற மறந்து, ஒரே படத்தில் கல்யாண வீடும் கடற்கரையும் சேர்ந்து விழுந்த அனுபவம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். அவர்களுக்குத் தவறி நடந்ததை இவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

1900 ஜூனில் செஞ்சுரி பத்திரிகை டெஸ்லாவின் நீண்ட கட்டுரையோடு கொலராடோ படங்களை வெளியிட்டது. ஊரே அவரைப் பற்றிப் பேசியது. வியந்தவர்கள் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு. 1901-ல் வங்கி அதிபர் ஜே.பி. மார்கன் 1,50,000 டாலர் தர முன்வந்தார். லாங் ஐலண்டில் சுமார் 57 மீட்டர் கோபுரம் எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி மிக எளிய கருவிகளால் அட்லாண்டிக் கடல் தாண்டி சமிக்ஞை அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். கோபுரம் வேலைக்கு வராமலே நின்று, 1917-ல் ஓட்டல் கடனுக்காக இடிக்கப்பட்டது. 1943 ஜனவரி 7 அன்று, 86 வயதில், நியூயார்க் ஓட்டல் அறையொன்றில் டெஸ்லா தனியாக இறந்தார்.

அவர் ஏமாற்றினாரா என்று நீங்கள் கேட்கலாம். படம் எடுத்த சில நாட்களிலேயே, தான் உட்கார்ந்திருந்தபோது மின்னல் பாயவில்லை என்பதையும் படம் எடுத்த முறையையும் தன் ஆய்வுக் குறிப்பேட்டில் அவரே தெளிவாக எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேடு 1978-ல்தான் பெல்கிரேடில் புத்தகமாக வந்தது. மின்னல் நிஜம், மனிதரும் நிஜம்; இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது என்பது மட்டும்தான் நிஜமில்லை. படம் போன இடமெல்லாம் அந்தக் குறிப்பு போகவில்லை.

அடுத்த முறை அந்தப் படம் நம் குழுவுக்கு வந்தால், இந்தக் கதையையும் சேர்த்து அனுப்புங்கள். இன்னொன்று. மழைக்காலத்தில் மலைமேல் மின்னல் வெட்டும்போது படம் எடுக்க ஆசையாக இருந்தால், மொட்டை மாடிக்கு ஏறாதீர்கள். வீட்டுக்குள்ளேயே ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்து, போனை ஆடாமல் நிறுத்தி எடுங்கள். மின்னல் பாயும்போது டெஸ்லாவே அந்த நாற்காலியில் உட்காரவில்லை!